பிளஸ் டூ முடித்த மகள் ஒரு வருஷம் காத்திருந்து அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாமா?

திருமங்கலம் தையல்கடை

எல்லோருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். மூத்த மகளுக்கு இப்போதுதான் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. ஸ்டேட் போர்டு, அரசு உதவிபெறும் பள்ளி, இங்கிலீஷ் மீடியம். 600-க்கு 574. கணக்கு 98, இயற்பியல் 96, வேதியியல் 95. கட் ஆஃப் 193.5 வருகிறது. தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜில் ஏதாவது ஒரு பிரிவு கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் டிகிரி வாங்கியவர்கள் யாரும் இல்லை. அதனால் இதுவே எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் அவளுக்கு இன்ஜினியரிங்கில் விருப்பம் இல்லை. ஒன்பதாவது படிக்கும்போது கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் பள்ளியில் கூட்டிப்போனார்கள். அன்றையிலிருந்து இயற்பியல்தான் என்று இருக்கிறாள். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களில் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் உதவித்தொகை தருகிறார்களாம். இந்த வருஷத்துக்கான கெடு முடிந்துவிட்டதால் ஒரு வருஷம் காலேஜ் சேராமல் இருந்து, தேர்வு எழுதி, கட்டுரை எழுதி விண்ணப்பிக்கிறேன் என்கிறாள். அடம்பிடித்துக் கேட்கவில்லை. நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னாள். அதனால்தான் எனக்குத் தட்டிக்கழிக்க மனசு வரவில்லை.

என் பயம் எல்லாம் இதுதான். அங்கே கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் இங்கே இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் இந்த மார்க் செல்லுமா? பாதுகாப்புக்கு இப்போது ஒரு காலேஜில் சேர்த்துவிட்டு, அங்கிருந்தபடியே விண்ணப்பிக்கச் சொல்லலாமா? மதுரையில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம். மூன்று லட்சம் கட்டினால் நிச்சயம் இடம் வாங்கித் தருகிறோம் என்றார்கள். அந்தப் பணத்துக்கு நகையைத்தான் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள் என்றால் ஆவணிக்குள் ஜாதகம் கேட்டு ஆள் வந்துவிடும். என் நாத்தனார் இப்போதே ஆரம்பித்துவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அண்ணாநகர் மெக்கானிக்கல்

அக்கா, 574 வாங்கிய பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். என் கருத்து, சேர்த்துவிடுங்கள். இன்ஜினியரிங் பிடிக்கவில்லை என்றால் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலோ லேடி டோக்கிலோ பி.எஸ்ஸி. இயற்பியல் சேரட்டும். அப்புறம் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு அமெரிக்காவுக்குப் பிஎச்.டி. படிக்கப் போகலாம். அறிவியல் பாடங்களில் பிஎச்.டி. சேருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அங்கே கட்டணமும் கிடையாது, மாதச் சம்பளம் மாதிரி உதவித்தொகையும் வரும். அவசரமே இல்லை.

என் சித்தப்பா மகன் நீட்டுக்காக ஒரு வருஷம் வீட்டில் இருந்தான். கூடப் படித்தவர்கள் எல்லாம் காலேஜ் போட்டோ போடும்போது அவன் முகம் வாடிப்போனதைப் பார்த்திருக்கிறேன். தனியாக ஒரு வருஷம் உட்காருவது சாதாரண விஷயம் இல்லை. நீங்கள் சொன்ன மாதிரி ஒரு காலேஜில் சேர்ந்துகொண்டு, பக்கத்தில் அமெரிக்காவுக்கும் விண்ணப்பிக்கட்டும். கிடைத்தால் போகட்டும், கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் மிச்சம்.

கொடிக்கால் வீட்டுப் பெண்

அம்மா, வணக்கம். எனக்குச் சோழவந்தான் பக்கம். அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். நானும் ஸ்டேட் போர்டில் பிளஸ் டூ முடித்து, ஒரு வருஷம் வீட்டில் இருந்து விண்ணப்பித்து, இப்போது அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு சிறிய கல்லூரியில் முழு உதவித்தொகையில் படிக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அண்ணா சொன்னதில் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். மற்றதெல்லாம் நியாயமான யோசனை. ஆனால் "சேர்ந்துகொண்டே விண்ணப்பிக்கட்டும்" என்பது அமெரிக்காவைப் பொறுத்தவரை ஆபத்தானது. இங்கே நீட்டோ ஜே.இ.இ.யோ எழுதுகிறவர்கள் ஒரு காலேஜில் சேர்ந்துகொண்டே மறுபடி எழுதுவது வழக்கம். அங்கே பல பல்கலைக்கழகங்களில், வேறொரு கல்லூரியில் முழுநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்து ஒரு வருஷம் படித்துவிட்டால் உங்களை முதலாண்டு மாணவராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கல்லூரி மாறி வருகிறவர் என்ற கணக்கில் வைத்துவிடுவார்கள். சில இடங்களில் முழுநேரமாகச் சேர்ந்திருந்தாலே அந்தக் கணக்குத்தான். அந்த வழியில் இடங்கள் மிகக் குறைவு, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை அதைவிடக் குறைவு. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதே கதவைச் சாத்திவிடும். சேருவதாக இருந்தால் மனசாரச் சேரட்டும். காத்திருப்பதாக இருந்தால் எங்கும் சேராமல் காத்திருக்கட்டும். இரண்டில் எது என்பதை இந்த ஜூனுக்குள் முடிவு செய்யுங்கள்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்கைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு நுழைவுத்தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். போன வருஷம் முடித்தவர்களும் அடுத்த வருஷம் விண்ணப்பிக்கலாம். 193.5 அடுத்த வருஷமும் 193.5 தான். எந்தக் காலேஜ் எந்தக் கட் ஆஃபில் முடியும் என்பது வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும், அது மட்டும்தான் மாறும். முதல் பட்டதாரிச் சலுகைக்கான சான்றிதழை இப்போதே இ-சேவையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 

இந்த ஒரு வருஷத்தால் உண்மையில் என்ன லாபம் என்று சொல்கிறேன். அங்கே விண்ணப்பம் ஆகஸ்டில் திறக்கும். முதல் சுற்றுக்கு நவம்பர் 1-ஐ ஒட்டியும், அடுத்த சுற்றுக்கு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டியும் கெடு. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு அந்த மாதங்கள் காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன் டெஸ்ட் என்றே போய்விடும். கையில் பொதுத்தேர்வு மார்க்கும் இருக்காது, ஆசிரியர்கள் போட்டுத்தரும் எதிர்பார்ப்பு மார்க்கை வைத்துத்தான் அனுப்ப வேண்டும். பெரிய நகரங்களில் சில பள்ளிகளில் இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். நம் பள்ளிகளில் அதற்கு வழியில்லை. உங்கள் மகள் காத்திருந்தால் 574 என்ற முடிவான மார்க்கோடு போவாள், எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்குப் படிக்க நேரம் இருக்கும், 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரையை எழுதி, கிழித்து, மறுபடி எழுத நேரம் இருக்கும். நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் ஓய்வு இல்லை. மற்றவர்களுக்குப் பள்ளியே செய்துகொடுத்ததை நாம் நம் கையால் செய்துமுடிக்கும் காலம் அது. ஹார்வர்டு போன்ற இடங்களில், இடம் கிடைத்த பிறகு ஒரு வருஷம் தள்ளிச் சேர விரும்புகிறவர்களை ஊக்கப்படுத்துவார்கள். அது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் நிறைய.

இனி கடினமான பகுதி. வெளிநாட்டு மாணவர்களிடமும் "உன்னால் பணம் கட்ட முடியுமா" என்பதைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவையான உதவி முழுவதையும் தருகிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மவுத், ஆம்ஹெர்ஸ்ட் அதில் அடக்கம். முதல் நான்கில் விண்ணப்பிக்கிற 100 பேரில் 5 பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. வில்லியம்ஸ், சுவார்த்மோர், ஸ்டான்ஃபோர்டு போன்றவை, எடுத்துக்கொண்டால் முழு உதவி தரும், ஆனால் எடுக்கும்போதே உதவி கேட்கிறாயா என்பதையும் பார்ப்பார்கள். உதவி வேண்டும் என்றால் முதல் விண்ணப்பத்திலேயே கேட்டுவிட வேண்டும். முதலில் இடம் கிடைக்கட்டும், அப்புறம் கேட்கலாம் என்று விட்டால் பல இடங்களில் வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு வாய்ப்பே தரமாட்டார்கள்.

அதனால் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் மார்ச் கடைசியில் எல்லா இடத்திலிருந்தும் இல்லை என்று வரலாம். அதைத் தாங்கும்படி அந்த வருஷத்தை அமைக்க வேண்டும். இயற்பியல்தான் வேண்டும் என்றால் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வை எழுதட்டும். திருவனந்தபுரத்திலும் திருப்பதியிலும் ஐசர் இருக்கிறது, இரண்டும் நமக்கு எட்டும் தூரம்தான். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தொடர்ந்து இரண்டு வருஷம்தான் எழுத முடியும். இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தவளுக்கு அடுத்த வருஷம் ஒரு வாய்ப்பு உண்டு, ஆனால் முதலில் மெயின் தேர்வில் தகுதி பெற வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வை எழுத வயது வரம்பு இல்லை. எல்லாவற்றையும் எழுதச் சொல்லவில்லை. ஐசரும் கவுன்சிலிங்கும் கையில் இருந்தாலே பிள்ளைக்கு இரவில் தூக்கம் வரும்.

வருஷம் முழுக்க என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெரிய சாதனை ஏதாவது காட்ட வேண்டும் என்று இணையத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பணம் கட்டி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடுவது, காசு கொடுத்து வெளிநாட்டு முகாமுக்குப் போவது எதுவும் தேவையில்லை. நான் விடியற்காலையில் அப்பாவோடு கொடிக்காலுக்குப் போவேன். வெற்றிலை கிள்ளுகிறவர்களுக்கான கூலி, கமிஷன் கடைக்குப் போன கட்டுகள், அகத்திக்கு ஆன செலவு எல்லாவற்றையும் அதுவரை அப்பா மனக்கணக்காகவே வைத்திருந்தார். நான் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். எந்த மாதம் விலை விழுகிறது, முகூர்த்த மாதத்தில் எவ்வளவு ஏறுகிறது, கடைக்காரர் கழிவு என்று எவ்வளவு பிடிக்கிறார் என்பது எழுதிப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அதை வைத்து அப்பா ஒரு கடையை மாற்றினார். என் கட்டுரை அதைப் பற்றித்தான். சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி எழுதினால் பெருமையாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். நான் எழுதவில்லை. அது ஊரின் பெருமை, நான் செய்தது கணக்கு. உங்கள் மகள் தையல் கடையில் உட்கார்ந்தால் அவளுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். விண்ணப்பத்தில் வீட்டு வேலை, கடை வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும் எழுத இடம் இருக்கிறது. கூச்சப்பட்டு விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.

சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு விசையும் முடுக்கமும் புரியவைக்கும்போதுதான் எனக்கே அது முழுசாகப் புரிந்தது.

ஜாதகப் பேச்சைப் பற்றி. இதை யாரும் வெளியில் பேசுவதில்லை, ஆனால் நம் பக்கத்தில் பெண்பிள்ளைகள் காத்திருக்கத் தயங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். எங்கள் வீட்டில் அம்மா செய்தது என்னவென்றால், யாரிடமும் "வீட்டில் இருக்கிறாள்" என்று சொல்லவே இல்லை. "பரீட்சைக்குப் படிக்கிறாள், அடுத்த வருஷம் சேருகிறாள்" என்று ஒரே பதில், எல்லோரிடமும். நானும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மதுரை நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறதே, அங்கே கட்டணம் இல்லாமல் உட்கார்ந்து படிக்கலாம். சுற்றிலும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் மற்ற தேர்வுகளுக்கும் படிக்கிற அக்காமார்கள், அண்ணன்மார்கள். அண்ணா சொன்னாரே, தனியாக உட்காருவது கஷ்டம் என்று, அது உண்மை. அதற்கு மருந்து இதுதான். திருமங்கலத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்து பஸ் மாற வேண்டும், அலைச்சல்தான். தினமும் முடியாவிட்டாலும் பரவாயில்லை. தினமும் ஒரு நேரத்துக்குக் கிளம்பி ஒரு நேரத்துக்குத் திரும்பும் பெண்ணைப் பற்றி ஊர் பேசுவது குறைந்துவிடும். உங்கள் நாத்தனாருக்கு நீங்களும் அப்பாவும் ஒரே பதிலைச் சொல்வது முக்கியம். பிள்ளை முன்னால் நீங்கள் இருவரும் தடுமாறினால் அவள் உடைந்துபோவாள்.

கன்சல்டன்சிக்குப் பணம் கட்டாதீர்கள். நிச்சயம் வாங்கித் தருகிறோம் என்று எவர் சொன்னாலும் அது பொய். எந்த ஏஜென்டாலும் அந்த இடங்களில் சீட்டு வாங்க முடியாது. கட்டணம் கட்டிப் படிக்கிற பல்கலைக்கழகங்களில் ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்குவதுதான் பலருடைய தொழில். கடைசியில் உங்கள் மகளையும் அங்கேதான் தள்ளுவார்கள், கடன் உங்கள் தலையில். சென்னையில் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. என்ற அமெரிக்க அரசின் ஆலோசனை மையம் இருக்கிறது, அங்கே அடிப்படை விவரங்களுக்குப் பணம் கேட்கமாட்டார்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்குக் கேட்கலாம், பல கல்லூரிகள் தருகின்றன. நகையை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் செலவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பாஸ்போர்ட், எஸ்.ஏ.டி., ஆங்கிலத் தேர்வு, இடம் கிடைத்தால் விசாவுக்கு முன் கட்டும் 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம், விசாக் கட்டணம், முதல் விமானச் சீட்டு என்று கொஞ்சம் கொஞ்சமாக வரும். சில கல்லூரிகள் பயணச் செலவையும் உதவித்தொகைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும், கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

தங்கை மேலே எழுதியது அத்தனையும் சரி. உசிலம்பட்டி பக்கம் உதவிபெறும் பள்ளியில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் காகித விஷயத்தை மட்டும் சொல்கிறேன். திறமையான பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

அங்கே ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருஷ மார்க்கும் கேட்பார்கள். பத்து, பன்னிரண்டுக்கும், பதினொன்றில் பொதுத்தேர்வு எழுதியிருந்தால் அதற்கும் அரசுத் தேர்வுத்துறைப் பட்டியல் உங்களிடம் இருக்கும், தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் மொழிபெயர்ப்புத் தேவைப்படாது. ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளிப் பதிவேட்டில் இருந்துதான் எடுக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும் அன்றே தலைமை ஆசிரியரிடம் நேரில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவர் பள்ளி சார்பில் ஒரு படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், பாடம் எடுத்த ஆசிரியர்கள் இருவர் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். நவம்பரில் போய் நின்றால் அவர்கள் அரையாண்டு வினாத்தாளுக்கு நடுவில் இருப்பார்கள். மனமில்லாமல் அல்ல, நேரமில்லாமல் நான்கு வரியில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். "நன்றாகப் படிப்பாள், ஒழுக்கமானவள்" என்ற கடிதம் எந்தப் பிள்ளைக்கும் உதவாது. எந்தக் கணக்கில் மடக்கிக் கேள்வி கேட்டாள், யாருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள் என்று எழுத வேண்டும். அதற்கு நிகழ்ச்சிகளை மகளே ஒரு தாளில் ஞாபகப்படுத்திக் கொடுக்கலாம், தப்பில்லை.

அப்புறம் பெயர். நம் பிள்ளைகளுக்கு மார்க் பட்டியலில் இனிஷியல்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதும்படி ஆகும். எஸ்.ஏ.டி. பதிவிலும் விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கூட்டல் மாறாமல் எழுதட்டும். ஒரு எழுத்து மாறினாலும் தேர்வு மையத்தில் பிரச்சினை ஆகும். அதனால் பாஸ்போர்ட் முதலில், மற்றதெல்லாம் பிறகு. மதுரையிலேயே அலுவலகம் இருக்கிறது.

அடுத்த வருஷம் இங்கே சேரும்போது சில கல்லூரிகளில் இடைப்பட்ட வருஷம் என்ன செய்தாள் என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்கலாம். நோட்டரியிடம் வாங்கிக்கொள்ளலாம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

திருமங்கலம் தையல்கடை

மூன்று பேருக்கும் கைகூப்பி நன்றி. இரவு வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். காலேஜில் சேர்த்துவிட்டு விண்ணப்பிப்பது சரிவராது என்று தெரிந்ததும் அவருக்கும் ஒரு தெளிவு வந்தது. கன்சல்டன்சிக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். ஐசரைப் பற்றி மகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, எங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள். காத்திருக்கட்டும் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

கொடிக்கால் பெண்ணே, உன் அம்மா சொன்ன பதிலை நானும் மனப்பாடம் செய்துகொண்டேன். நாளைக்கே நாத்தனாரிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

ஐயா, ஒரே ஒரு சந்தேகம். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் இவளுக்கு இயற்பியல் எடுத்த டீச்சர்தான் இவளை நன்றாக அறிந்தவர். அவர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். தலைமை ஆசிரியரும் போன வருஷம் வந்தவர், இவளைப் பெயரளவில்தான் தெரியும். ஓய்வு பெற்ற டீச்சர் கடிதம் எழுதினால் செல்லுமா?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

செல்லும் அம்மா. அவளுக்குப் பாடம் எடுத்தவரா என்பதுதான் முக்கியம், இப்போது பணியில் இருக்கிறாரா என்பது அல்ல. பள்ளி மின்னஞ்சல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சொந்த மின்னஞ்சலில் இருந்து அனுப்பி, எப்போது ஓய்வு பெற்றார், எந்த வகுப்புகளுக்கு எடுத்தார் என்று கடிதத்திலேயே எழுதிவிடச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியர் பள்ளிப் பதிவேட்டைப் பார்த்துத்தான் படிவம் நிரப்புவார். நிகழ்ச்சிகளுக்கு வகுப்பாசிரியரைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

டீச்சருக்குப் பிரிவு உபசார விழா வைப்பார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு அன்றைக்குப் போய் வாழ்த்துச் சொல்லிவிட்டு, கடிதம் வேண்டும் என்று காதில் போட்டு வையுங்கள். செல்போன் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற பிறகு மகன் வீட்டுக்கு வெளியூர் போய்விட்டால் பிடிப்பது சிரமம். தலைமை ஆசிரியரைப் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் பாருங்கள், திறந்துவிட்டால் சேர்க்கைக் கூட்டத்தில் அவரால் இரண்டு நிமிஷம்கூட உட்கார முடியாது.